இருபத்தொரு வாட்

பால் லாரி ஹாரன் அடித்தபோது
நான் பாதி திரும்பியிருந்தேன்.
ராங்கோ ஏரிச் சாலை, ஜூன் மாத மூடுபனி,
பண்ணைக்கு இடப்புறம் பிரிகிற சரளைப் பாதை.
இறங்கி வந்தவன் கத்தவில்லை.
என் வண்டியின் பின்னால் குனிந்து பார்த்து,
"இது விளக்கா, அழுகின ஆரஞ்சா?" என்றான்.

தப்பில்லை.
பதினெட்டு வருஷத்து ஹோண்டா.
இண்டிகேட்டர் மூடிக்குள் கால்வாசி மழைத்தண்ணீர்,
அதில் ஊறிக் கிடக்கும் ஒரு அந்துப்பூச்சி.
இடப்பக்கம் போகிறேன் என்பதை
இத்தனை நாளும்
அந்தப் பூச்சியிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை ஓசோர்னோவில் நான்கு வாங்கினேன்.
எல்இடி. சுண்டுவிரல் நீளம்.
பழையது இருபத்தொரு வாட் தின்னும்;
இதற்கு ஒன்றரை போதும் என்றது அட்டைப்பெட்டி.
கொட்டகைத் தகரத்தில் மழை கொட்ட
சினை ஊசிப் பெட்டியை ஓரம் தள்ளிவிட்டு
ஒயர்களைப் பிரித்தேன்.
ஆரஞ்சு இடது, வெளிர்நீலம் வலது,
பச்சை இரண்டுக்கும் பொது.
மிரளும் கிடாரியின் கழுத்தில்
நரம்பு தேடிப் பிடிக்கிறவளுக்கு
இதெல்லாம் ஒரு வேலையா?
வேலைதான்.
முதலாவதைத் தலைமாற்றிக் கட்டிவிட்டேன், எரியவில்லை.
பழைய பல்பு எந்த வாசலில் வந்தாலும் உள்ளே விடும்.
இவளுக்கு முன்வாசல் மட்டும்.

பிறகு எரிந்தன.
சுவிட்சை இடப்பக்கம் தள்ளினேன்,
டிக்டிக்டிக்டிக்டிக்
காய்ச்சல் கண்ட கன்றின் நாடி.
அதுவும் நான்கும் ஒன்றாக.
இடமும் வலமும் சேர்ந்து துடித்தால்
எந்தப் பக்கம் என்று யார் நம்புவார்?

ரெமிஹியோவைக் கூப்பிட்டேன்.
கலாமாவில் செம்புச் சுரங்கத்து எலெக்ட்ரீஷியன்.
நான்கு வருஷத்துக்கு முன்வரை என் கணவன்.
நலம் விசாரிக்கவில்லை. போனை ரிலே பக்கம் பிடித்தேன்.
கொஞ்ச நேரம் கேட்டான்.
"பாரம் குறைந்துவிட்டது, டெல்ஃபினா.
பல்பு ஒன்று செத்துப்போனதாக நினைக்கிறது.
அதுதான் இந்தப் பதற்றம்."
யாரும் சாகவில்லையே என்றேன்.
"அதற்கு ஆளைத் தெரியாது.
எடை மட்டும்தான் தெரியும்."

வழி இருக்கிறதாம்:
எட்டு ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பக்கத்தில் கட்டிவிடலாம்.
வெளிச்சம் தராது, ஒலி தராது,
மிச்ச வாட்டை வாங்கிச் சூடாகிக்கொண்டே இருக்கும்.
பழைய கனம் அப்படியே இருப்பதாக நம்பி
ரிலே அமைதியாகிவிடும்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"அந்த உத்தியோகத்தில்
நான் பதினோரு வருஷம் இருந்தேனே!"
கலாமாவில் பாலைவனக் காற்று
போனுக்குள் இரைந்தது.
பிறகு அவனும் சிரித்தான்,
கொஞ்சம் தாமதமாக.
"அப்படியானால் ரிலேயையே மாற்று.
எலெக்ட்ரானிக் ரகம். எடை பார்க்காது,
நேரத்தை மட்டும் எண்ணும்."

மாற்றினேன். ஏழாயிரம் பெசோ.
நான்கும் சேர்ந்து துடித்ததற்குக் காரணம்
டாஷ்போர்டின் ஒற்றைச் சிறுவிளக்கு;
இடத்து மின்சாரம் அதன் வழியே
வலப்பக்கம் கசிந்திருக்கிறது.
இரண்டு டையோடு போடச் சொன்னான்.
பொறுமை இல்லை. பல்பைப் பிடுங்கிவிட்டேன்.

இப்போது நிதானமாகச் சிமிட்டுகிறது,
மூடுபனியைத் துளைக்கும் மஞ்சள்.
சத்தமில்லை. என் கண்முன்னே விளக்குமில்லை.
சொல்லிக்கொண்டிருக்கிறேனா
என்பது எனக்கே தெரியாது.

இன்று காலை அதே லாரி.
பொறுமையாகப் பின்னாலேயே உருண்டு வந்து,
ஏரி வளைவில் பக்கத்தில் ஒட்டி
கண்ணாடியை இறக்கினான்:
"அம்மணி,
மூன்று கிலோமீட்டராக
இடப்பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கிறீர்கள்.
இடப்பக்கம் ஏரி."